தாய்மாமன் சேமிப்புக்குச் சலுகை இல்லையா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

காது குத்தும் நாளில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது நம் பக்கத்து வழக்கம். சென்ற தை மாதத்தில் என் அக்காள் மகளை என் மடியில் வைத்தார்கள். நான்கு வயதுக் குழந்தை. ஊசியைக் கண்டதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமன் இருக்கான்ல, பயப்படாதே" என்று தெருவே அவளுக்குத் தைரியம் சொன்னது. இருபது வயதில் நானும் பொறுப்புள்ள ஒரு மனிதனாகிவிட்டேன் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

கம்மல் சீர் செய்தாகிவிட்டது. படிப்புச் சீர் ஒன்றும் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஆரணியில் பட்டுத் தறியைத் தவிர வேறொன்றும் அறியாத எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். இரண்டாவதாக மிதிப்பவள் அவளாக இருக்க வேண்டும். 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் எனக்குக் கிடைத்த மாதம் 1,000 ரூபாயில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். விடுமுறையில் தறியில் உட்கார்ந்த கூலியும் சிறிது இருந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அஞ்சலகத்திற்குப் போனேன்.

பத்து வயது நிறையாத பெண் குழந்தைகளுக்காக மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய சேமிப்புத் திட்டத்தை நம் மாநிலத்தில் 'செல்வமகள் சேமிப்புத் திட்டம்' என்று அழைக்கிறோம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும். அந்தப் படிவத்தைக் கேட்டேன்.

"குழந்தைக்கு நீங்க என்ன உறவு தம்பி?" என்று எழுத்தர் கேட்டார்.

"தாய்மாமன் சார்."

அவர் சிரித்தார். "மாமன் தொடங்க முடியாது தம்பி. அப்பா, அம்மா, இல்லேன்னா சட்டப்படியான பாதுகாவலர், அவங்கதான் தொடங்கணும். அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று அன்பாகவே சொன்னார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. விதியைத்தான் அவர் சொன்னார். மறுநாள் அக்காளை அழைத்துச் சென்றேன். கணக்குத் தொடங்கியாகிவிட்டது. பணம் என்னுடையது, கையொப்பம் அக்காளுடையது, பெயர் குழந்தையுடையது.

ஆயினும் வீடு திரும்பும்போது ஒரு கேள்வி என் மனத்தைக் குடைந்தது. மடியில் உட்கார வைக்க மாமன் வேண்டும்; சேமிப்பில் மாமனுக்கு இடமில்லையா? இதைத் துருவிப் பார்த்தபோது இன்னொரு பெரிய கேள்வி எழுந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகச் சேமிப்பவர்களுக்கு அரசு தரும் வரிச் சலுகை உண்மையில் யார் வீட்டைப் போய்ச் சேருகிறது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சலுகை என்ன சொல்கிறது?

1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80சி என்ற பிரிவு, அரசு ஊழியர் வீடுகளில் எல்லாரும் அறிந்த பிரிவாகும். செல்வமகள் கணக்கில் போட்ட பணம், பொது வருங்கால வைப்பு நிதியில் போட்ட பணம், இரண்டு பிள்ளைகள் வரை கட்டிய கல்விக் கட்டணம் ஆகியவற்றை, பிற சேமிப்புகளோடு சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை, வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்பது அதன் சாரம். பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2025 ஆம் ஆண்டின் சட்டத்திலும் இச்சலுகை வேறொரு பிரிவு எண்ணோடு தொடர்கிறது.

நான் கணித மாணவன். எண்களை வைத்துப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். பழைய வரிமுறையில் 30 விழுக்காடு வரி கட்டும் ஒருவர் மகள் பெயரில் 1,50,000 ரூபாய் போட்டால், மேல்வரி நீங்கலாக அவருக்கு மிச்சமாகும் வரி 45,000 ரூபாய். 20 விழுக்காடு கட்டுபவருக்கு 30,000 ரூபாய். தறியில் உட்கார்ந்து கூலி வாங்கும் எங்கள் தெரு நெசவாளி, வயிற்றைக் கட்டி 6,000 ரூபாய் போட்டால் அவருக்கு மிச்சமாகும் வரி எவ்வளவு? பூஜ்யம். ஏனென்றால் அவருடைய வருமானம் வரி கட்டும் அளவை எட்டுவதே இல்லை. கழிப்பதற்கு வரி இருந்தால்தானே கழிக்க முடியும்?

இப்படிச் சொன்னால், "வரி கட்டாதவனுக்கு வரிச் சலுகை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் நெசவாளி வரியே கட்டாதவரா? 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி, அவர் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. கொடுக்கும்போது அவரும் வரி கொடுப்பவர்தாம். சலுகை பெறும் வரிசையில்தான் அவர் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சட்டம் கழிக்க இடந்தருவது கற்பிப்புக் கட்டணத்தை மட்டுமே. விடுதி, சாப்பாடு, புத்தகம் எதுவும் அதில் சேராது. நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களுக்கோ கட்டணம் சிறிது. பேருந்து அட்டையும் அரசே தருகிறது. அப்படியானால் நம் வீடுகளில் படிப்புக்குச் செலவே இல்லையா? இருக்கிறது. ஒரு பையன் கல்லூரிக்குப் போனால் தறி வீட்டில் இரண்டு கைகள் குறைகின்றன. தார் சுற்ற ஆளில்லை. பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. முன்பு வீட்டில் நடந்த வேலைக்கு இப்போது கூலி கொடுக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் எங்கள் வீட்டுக்கு மிகப் பெரிய செலவு எது என்று கேட்டால், நான் நெய்யாமல் விட்ட சேலைகள் என்றுதான் சொல்வேன். அந்தச் செலவுக்கு எந்த அலுவலகத்திலும் ரசீது கிடைப்பதில்லை.

என் மாமாவின் கதை

என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமையாகாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறிக்குழியில் இறங்கியவர் அவர். நான் ஆறாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய அன்று, "இவனைக் காலேஜுல சேர்க்கறது என் பொறுப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. மாதம் 500 ரூபாய்க்கு ஒரு சீட்டுச் சேர்ந்தார். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நின்ற மாதங்களில்கூடச் சீட்டுப் பணத்தை நிறுத்தவில்லை. அத்தை அதற்காக எத்தனை முறை சண்டை போட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நான் பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டில் சீட்டு நடத்தியவர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டார். சீட்டு நிதிச் சட்டம் என்று 1982 இல் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. அதன்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். மாமாவுக்கு அது தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய படித்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. நான்கரை ஆண்டுச் சேமிப்பு போயிற்று. இரண்டு நாள் மாமா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தறியில் போய் உட்கார்ந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் இரவிலும் விளக்குப் போட்டு நெய்தார். இன்று அவரால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை.

"அஞ்சலகத்தில் போட்டிருக்கலாமே மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "நமக்கு அங்க என்னடா இருக்குது? அதெல்லாம் சம்பளக்காரங்களுக்கு" என்றார்.

நண்பர்களே, இந்தப் பதிலைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு தரும் கல்விச் சேமிப்புச் சலுகையை மார்ச் மாதத்தில் வரி கணக்குப் பார்ப்பவர்களின் விஷயமாக ஆக்கிவிட்டதால், நெசவாளி அதைத் தனக்குரியது என்று நினைப்பதே இல்லை. அவர் சீட்டுக்காரரிடம் போகிறார். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் பணம், பாதுகாப்பில்லாத இடத்தில் போய் விழுகிறது.

சட்டத்திற்குத் தாய்மாமனைத் தெரியாதா?

தெரியும் என்பதுதான் வேடிக்கை! ஒருவர் மற்றொருவரிடமிருந்து பெறும் அன்பளிப்பு ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது பெறுபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். ஆனால் உறவினர் கொடுத்தால் வரி இல்லை. அந்த 'உறவினர்' யார் யார் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. தாய் தந்தையின் உடன்பிறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். அதாவது மாமனும் சித்தப்பாவும் அத்தையும் சித்தியும் சட்டத்தின் கண்ணில் உறவினர்களே. எவ்வளவு கொடுத்தாலும் குழந்தைக்கு வரி கிடையாது.

ஆனால் அதே மாமன் குழந்தையின் படிப்புக்காகச் சேமித்ததைத் தன் கணக்கில் காட்டிச் சலுகை கேட்டால், சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கல்விக் கட்டணம் என்றால் சொந்தப் பிள்ளைகளுக்குக் கட்டியது மட்டுமே. கல்விக் கடனின் வட்டிக்குத் தரப்படும் கழிவும் தனக்காக, துணைக்காக, தன் பிள்ளைகளுக்காக, தான் சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்காக வாங்கிய கடனுக்கு மட்டுமே. அக்காள் பிள்ளையின் கடனை அடைக்கும் மாமனுக்கு ஒன்றுமில்லை. தாத்தா பாட்டிகூடச் சட்டப்படியான பாதுகாவலராக இல்லாவிட்டால் செல்வமகள் கணக்கைத் தொடங்க முடியாது.

கணக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு வேண்டியதுதான். குழந்தையின் பெயரில் கண்டவரெல்லாம் கணக்குத் தொடங்கினால் மோசடிக்கு வழி உண்டாகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை நடத்துவது வேறு, அதில் பணம் போடுவது வேறு. நம் குடும்பங்களில் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பது ஒரு தகப்பன் மட்டும் செய்யும் வேலையன்று. மாமன் கொஞ்சம், பெரியப்பா கொஞ்சம், கல்யாணமாகிப் போன அக்காள் கொஞ்சம் என்று கூடித்தான் தேரை இழுக்கிறோம். நம் வகுப்பில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வந்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு மாமனோ ஓர் அத்தையோ இருப்பார்கள்.

கடல் கடந்த நாட்டில்

நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவில் பதிவு பெற்ற கல்விச் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்காகப் பெற்றோர்தாம் தொடங்க வேண்டும் என்பதில்லை. மாமனும் தொடங்கலாம், குடும்ப நண்பரும் தொடங்கலாம். அதைவிட முக்கியமானது வேறொன்று. அதில் போடும் பணத்திற்கு வரிக் கழிவு கிடையாது. அதற்குப் பதிலாக, போட்ட பணத்திற்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 டாலர் வரை, அரசே குழந்தையின் கணக்கில் சேர்க்கிறது. 1998 முதல் இந்த மானியம் வழங்கப்படுகிறது. வருமானம் குறைந்த குடும்பமாயின், பெற்றோர் ஒரு காசும் போடாவிட்டாலும் குழந்தைக்கு மொத்தம் 2,000 டாலர் வரை அரசு தரும் ஏற்பாடும் இருக்கிறது.

பிரிட்டனிலும் 2002 செப்டம்பருக்கும் 2011 ஜனவரித் தொடக்கத்திற்கும் இடையில் பிறந்த குழந்தைகளுக்குச் சேமிப்புக் கணக்கு வைத்து, அரசு தொடக்கப் பணம் போட்டது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்குக் கூடுதலாகப் போட்டது. பின்னர் சிக்கனம் பேசி அத்திட்டத்தைப் புதிய குழந்தைகளுக்கு நிறுத்திவிட்டார்கள். நல்ல திட்டமும் ஒரு வரவு செலவுத் திட்டத்தில் போய்விடலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

அயல்நாட்டைக் காட்டினால் "அது பணக்கார நாடு" என்பார்கள். சரி, நம் ஊருக்கே வருவோம். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் ஒன்று நெடுங்காலமாக நடந்துவருகிறது. நெசவாளியின் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடித்தால், அரசு தன் பங்காக 4 பைசா சேர்க்கும் என்ற அடிப்படையில் அமைந்தது அது. அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நெசவாளியிடம் வருமான வரிக் கணக்குக் கேட்கவில்லை. "நீ எட்டுப் போடு, நான் நான்கு போடுகிறேன்" என்றார்கள். தறிக்காரருக்குப் புரியும் மொழி அதுதான்! நம் மாநில அரசு பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் குழந்தையுள்ள குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரண்டு பெண்கள் என்றால் தலைக்கு 25,000 ரூபாயும் வைப்புத் தொகையாகப் போட்டு 18 வயதில் முதிர்வடையச் செய்ததும் நாம் அறிந்ததே. ஆண் குழந்தை இருந்தால் அதில் சேர முடியாது. அதனால் என் அக்காள் மகளுக்கு அது கிட்டவில்லை. ஆனால் வழி தெரியாமல் இல்லை என்பதற்கு இவை சான்று.

என் கருத்து

வரிக் கழிவு என்பது ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு அதிகமும், நடுப்படியில் நிற்பவருக்குக் குறைவும், தரையில் நிற்பவருக்குப் பூஜ்யமும் தரும் உதவி. அந்தச் சலுகையும் இப்போது தேய்ந்து வருகிறது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாக்கப்பட்டது. அதில் இந்தக் கழிவுகள் கிடையா. 2025-26 இல் அம்முறையில் 12 இலட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவர் பலர் வரி கட்ட வேண்டாத நிலையும் வந்தது. வரிக்காகச் சேமித்தவர்களுக்கே அந்தக் காரணம் குறைந்துவரும் இவ்வேளையில், கல்விச் சேமிப்புக்கான உதவியை வேறு வடிவில் அமைப்பதுதான் அறிவுடைமை என்பது என் கருத்து.

வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத குடும்பத்துக் குழந்தையின் கணக்கில் யார் பணம் போட்டாலும், அதில் ஒரு பங்கை அரசு சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளட்டும். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் இது பொதுவாக இருக்கட்டும். பணம் போட்ட உறவினரின் பெயரும் கணக்குப் புத்தகத்தில் பதிவாகட்டும். தாய்மாமன் பெயர் பத்திரிகையில் மட்டும் அச்சானால் போதாது.

இதனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செல்வமகள் கணக்குக்கு 2024 ஜனவரியில் வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. காலாண்டுதோறும் இது மாறக்கூடியது. மாறாமலிருந்தால் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் போட்டால், போட்டது 90,000 ரூபாய். 21 ஆம் ஆண்டு முடிவில் கையில் வருவது ஏறத்தாழ 2,87,000 ரூபாய். கனடாவைப் போல 20 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 1,200 ரூபாய் அரசு சேர்த்திருந்தால் இன்னும் ஏறத்தாழ 57,000 ரூபாய் கூடும். பெரிய வீட்டுக்கு அது சிறிய தொகை. எங்கள் தெருவில் ஒரு பெண் கல்லூரிக்குப் போவதா, தறியில் உட்காருவதா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய தொகை.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருப்பது மாணவருக்கு அழகன்று. இன்றைய விதிகளிலேயே நமக்குப் பயன்படுவன இருக்கின்றன. வரிக் கழிவு நமக்குக் கிடைக்காவிட்டாலும், அரசின் பொறுப்பில் பணம் இருக்கும் பாதுகாப்பும் வட்டியும் எல்லாருக்கும் ஒன்றே. செல்வமகள் கணக்கில் 18 வயதானபின் அல்லது பத்தாம் வகுப்பு முடித்தபின், மேற்படிப்புச் செலவுக்கு, முந்தைய நிதியாண்டு முடிவிலிருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். இடையில் யாரும் அவசரத்திற்கு எடுத்துச் செலவழித்துவிட முடியாது என்பதே நம் வீடுகளுக்கு ஒரு நன்மை. ஆண் குழந்தைக்குப் பொது வருங்கால வைப்பு நிதியைப் பெற்றோர் தொடங்கலாம்; ஆண்டுக்கு 500 ரூபாய் போதும்.

ஆகவே முதல் தலைமுறையாய்க் கல்லூரிக்கு வந்துள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பத்து வயது நிறையாத பெண் குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். அக்காளோ அண்ணியோ படிவம் நிரப்பத் தயங்குவார்கள். நீங்கள் உடன் செல்லுங்கள். மாமா சீட்டுச் சேருகிறார் என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். படித்தவன் வீட்டில் ஒருவன் இருந்தும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்றால், நாம் படித்த படிப்புக்கு என்ன பொருள்?

சென்ற மாதம் அக்காள் மகளின் கணக்குப் புத்தகத்தை மாமாவிடம் காட்டினேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். "இதுல நான் போடலாமாடா?" என்று கேட்டார். "போடலாம் மாமா. ஆனா உங்க பேரு வராது" என்றேன். "பேரு எதுக்குடா? புள்ள படிச்சா போதும்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து 200 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

அவர் பெயர் வேண்டாம் என்கிறார். வர வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?